சந்தை நாளில் கட்டிலை விட்டு இறங்கியவர்கள்

போன திங்கட்கிழமை காலை, வெளிநோயாளிகள் கூட்டம் பாதிகூடக் குறையாத நேரத்தில், வளப்பூர் நாட்டு நல்லுசாமி என் அறை வாசலில் வந்து நின்றான். அவனைப் பார்த்துப் பல வருஷங்களாகிவிட்டன. கொல்லிமலை மேலிருக்கிற அந்த ஊரிலிருந்து அடிவாரத்துக் காரவள்ளிக்கு நடந்து இறங்கி, அங்கிருந்து மாட்டுவண்டியிலும் பஸ்ஸிலுமாகத் திருச்செங்கோட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறான். நான் ஒரு நோயாளியின் நாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உடம்புக்கு என்ன என்று அவனைத் தலையைத் திருப்பாமலே கேட்டேன்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. நம்ம டாக்டரம்மா செத்துப் போயிட்டாங்க. உங்களுக்கு ஆராச்சும் சொன்னாங்களோ என்னமோன்னு அய்யன் என்னைய அனுப்புனாருங்க."

எந்த டாக்டரம்மா என்று கேட்டேன். கொல்லிமலைக்காரன் ஒருவன் டாக்டரம்மா என்று சொன்னால் அது ஒரே ஒருவர்தான் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் கேட்டேன். வேறு பெயர் ஏதாவது அவன் வாயிலிருந்து வராதா என்று இருந்தது. வரவில்லை. "என்னடா உளறுகிறாய்" என்று அவனைப் பார்த்துக் கத்தினேன். நாக்கை நீட்டிய நோயாளி அதை உள்ளே இழுத்துக்கொள்ள மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் மரகதம் இறந்துவிட்டார். எழுதிவிட்டேன், ஆனால் நம்ப முடியவில்லை. என்னைவிட வயதில் சிறியவர். நாலு படி ஏறினால் எனக்கு இரைக்கிறது. அவர் மலை ஏறும்போது முன்னால் போகிற ஆளே "மெதுவா வாங்கம்மா" என்று கெஞ்ச வேண்டியிருக்கும். என்னைப் பற்றி அவர்தான் இப்படி ஒரு கட்டுரை எழுதியிருக்க வேண்டும். அதில் நாலு குத்தலும் வைத்திருப்பார். காரவள்ளிப் பக்கம் அந்த அடிவார ஆஸ்பத்திரியில் எங்களோடு வேலை பார்த்த நர்சுகளும் கம்பவுண்டரும் சமையல்காரரும் இப்போது ஆளுக்கொரு திசையில் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் முதலில் எழுதுகிறேன். அவரைத் தெரியாதவர்களும் படிக்கட்டும்.

அவர் வந்து சேர்ந்த அன்றே எனக்கும் அவருக்கும் சண்டை. ஆஸ்பத்திரியில் இரண்டு பெரிய ஹால்கள் இருந்தன. ஆண்கள் ஹால் என் பொறுப்பு, பெண்கள் ஹால் அவருடையது. இருதயம் களைத்துப்போய், காலிலும் வயிற்றிலும் நீர் கோத்து, படுத்தால் மூச்சு முட்டுகிற நோயாளிகள் முதுகைச் சாய்த்து உட்காருவதற்கென்று ஆசாரியிடம் சொல்லிச் சாய்மானப் பலகைகள் செய்து வைத்திருந்தோம். எல்லாப் பலகைகளும் என் ஹாலில் இருந்தன. வந்தவர் இரண்டு ஹால்களையும் சுற்றிப் பார்த்தார். பெண்கள் ஹாலில் ஏன் ஒரு பலகையும் இல்லை என்று கேட்டார். பெண்கள் யாரும் கேட்கவில்லை என்றேன்.

"மூச்சு விடறதுக்கு மனுப் போடணுமா, டாக்டர்?" என்றார்.

அன்று சாயங்காலத்துக்குள் பாதிப் பலகைகள் இடம் மாறிவிட்டன. என் நோயாளிகளில் ஒருவர், மிளகு வியாபாரி, தன் பலகையை விடமாட்டேன் என்று கட்டிப்பிடித்துக்கொண்டார். "பெரியவரே, உங்களுக்குப் பலகையே வேண்டாம். பின்னால உட்கார்ந்து தாங்கிக்க உங்க சம்சாரம் இருக்காங்க. அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்கு யார் இருக்காங்க?" என்று அவரிடம் கேட்டார் மரகதம். மனிதர் பலகையை விட்டுவிட்டார்.

அது உண்மைதான். நோய் ஒன்று, மருந்து ஒன்று, உப்பில்லாச் சோறும் ஒரே அடுப்பில் வெந்ததுதான். ஆனால் இரண்டு ஹால்களும் இரண்டு உலகங்களாக இருந்தன. ஆண்கள் பெரும்பாலும் வயதானவர்கள். காலில் கொஞ்சம் வீக்கம் கண்டதும் கட்டிலைத் திருப்பிப் போட்டு, அதில் உட்கார வைத்து, உறவுக்காரர்கள் தோள் மாற்றித் தோள் மாற்றி இறக்கிக் கொண்டுவருவார்கள். கூடவே சமைத்துப் போட மனைவி வருவாள். பெண்களோ இளம் வயதுக்காரிகள். சிறுமியாக இருந்தபோது மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்து, அது இருதயத்து வால்வைச் சுருக்கிவிட்டுப் போயிருக்கும். நாலு பிரசவம் வரைக்கும் தாங்கிவிட்டு ஐந்தாவதில் படுப்பாள். இவர்கள் நடந்தே வருவார்கள். மலைப்பாதையில் உட்கார்ந்து உட்கார்ந்து, உதடு நீலம் பாய்ந்து வருவார்கள். வந்ததும் ஆண்கள் கேட்கிற முதல் கேள்வி சாப்பாட்டைப் பற்றியதாக இருக்கும். பெண்கள் கேட்பது, "எப்பங்க ஊட்டுக்குப் போலாம்?"

"ஆம்பளை படுத்தா ஊரே பக்கத்துல வந்து உட்காருது. பொம்பளை படுத்தா 'ஏன் படுத்தே'ன்னு ஊரே கேக்குது" என்பார் மரகதம்.

என் ஹாலில் வந்தவர்களில் பெரும்பாலோர் நீர் வடிந்து வீட்டுக்குப் போனார்கள். அவர் ஹாலில் அவ்வளவு பேர் போகவில்லை. பெண்கள் நோய் முற்றிய பிறகு வருகிறார்கள், அதுதான் காரணம் என்று நான் சொன்னேன். யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். அவர் தலையாட்டவில்லை. "முத்திப்போய் வந்தவ வந்த அன்னைக்குச் செத்தா எனக்குப் புரியும். தேறி, சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்தவ ஏன் சாகறா?" என்று கேட்டார். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

நல்லுசாமியின் மனைவி வெள்ளையம்மா அப்படித் தேறி வந்தவள். எனக்கு அந்தப் பெண்ணின் முகம் இன்னும் மறக்கவில்லை. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு மூச்சுவிட முடியாமல் வந்தாள். குழந்தையைத் தாய்வீட்டில் விட்டிருந்தார்கள். மரகதம் அவள் பக்கத்திலேயே கிடந்து, இருதய மருந்தான டிஜிட்டாலிஸைச் சொட்டுச் சொட்டாக அளந்து கொடுத்து, நீர் பிரிய ஊசி போட்டு, காலில் எலும்பு தெரிகிற அளவுக்கு வீக்கத்தை வடியவைத்தார். இன்னும் இரண்டு வாரம் படுக்கையில் கிடந்தால் அவளை ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று இருந்தார்.

அடிவாரச் சந்தையன்று மலைக்காரர்கள் மிளகும் தேனும் வாழைத்தாருமாக இறங்குவார்கள். விற்றது போக மீந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்து உறவுக்காரர்களைப் பார்த்துவிட்டுப் போவார்கள். அன்று எங்கள் தாழ்வாரமெல்லாம் பலாப்பழ வாசனையாக இருக்கும். அந்தச் சந்தையன்று வெள்ளையம்மாவின் மாமனார், நல்லுசாமியின் அய்யன் பெரியண்ணக் கவுண்டர், தன் மூத்த மகனையும் பங்காளிகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். மருமகள் பிழைத்துக்கொண்டாள் என்று அவருக்கு ஒரே சந்தோஷம். சாமை விளைந்திருக்கும் விஷயத்தையெல்லாம் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் சுவரோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நின்றபடியே சரிந்தாள்.

மரகதம் மருந்தறையிலிருந்து ஓடினார். கூச்சல் கேட்டு நானும் ஓடினேன். அந்தப் பெண்ணின் வாயிலும் மூக்கிலும் இளஞ்சிவப்பாக நுரை தள்ளிக்கொண்டிருந்தது. நுரையீரலில் நீர் நிறைந்துவிட்டது. தெரிந்ததையெல்லாம் செய்தோம். கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்தது. காலையில் தலைவாரிப் பூ கேட்ட பெண். பெரியண்ணக் கவுண்டர் கையில் பலாச்சுளையோடு அப்படியே நின்றார்.

"நல்லாத்தானுங்க நின்னுட்டிருந்துச்சு. நாஞ் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டுச்சுங்களே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அன்று மரகதம் அழவில்லை. கை கழுவிக்கொண்டு நின்றவர் திடீரென்று என் பக்கம் திரும்பினார். "நின்னுட்டிருந்தாளாமே? எழுந்திருக்கவே கூடாதுன்னு சொல்லியிருந்தேனே. அவ ஏன் நின்னா?" என்றார். கழுவிய கையையே மறுபடியும் கழுவினார். எதற்கும் அசையாத பெண்பிள்ளை என்று நாம் எல்லோரும் சொல்வோமே, அவர் அப்படித் தடுமாறி அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த சந்தையன்று காலையில் ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு என் ஹாலுக்கு வந்தார். தன் ஹாலுக்குப் போகவில்லை. ஒரு மூலையில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். என்ன விஷயம் என்று கேட்டதற்கு, "உங்க ராஜாக்கள் சந்தை நாளை எப்படிக் கழிக்கிறாங்கன்னு பாக்க வந்தேன்" என்றார். பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? உறவுக்காரர்கள் வந்தால் என் நோயாளிகள் பலகையில் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொள்வார்கள். அதுவரை இல்லாத முனகல் ஒன்று கிளம்பும். வந்தவர்கள் காலைப் பிடித்துவிடுவார்கள். பழத்தைச் சுளை சுளையாக எடுத்து வாயில் ஊட்டுவார்கள். அவர்கள் போனதும் இவர்கள் ஒரு தூக்கம் போடுவார்கள். மரகதம் சாயங்காலம்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மிளகு வியாபாரி பாவம், கூச்சப்பட்டு முனகலை நிறுத்திவிட்டார்.

அதற்கடுத்த சந்தையன்று அதே முக்காலியைத் தன் ஹாலில் போட்டு உட்கார்ந்தார். மத்தியானம் என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். அவர் ஹாலுக்கு நான் போவது அபூர்வம். கதவுக்கு வெளியே நிறுத்தி, இடுக்கு வழியாகப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். கட்டில்களில் ஒருத்தியும் இல்லை. எல்லாப் பெண்களும் தரையில் நின்றுகொண்டிருந்தார்கள். முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். ஒருத்திக்கு எதிரே மாமனார், இன்னொருத்திக்கு எதிரே கணவனின் அண்ணன், வேறொருத்திக்கு எதிரே ஊர்ப் பெரியவர்கள். அந்தக் கூட்டம் வெளியே போனதும் இவர்கள் மூச்சு வாங்க வாங்கக் கட்டிலில் ஏறினார்கள். ஏறி முதுகைச் சாய்ப்பதற்குள் அடுத்த கூட்டம் நுழைந்தது. மறுபடியும் இறங்கினார்கள்.

டிஜிட்டாலிஸ் கொடுத்து இருதயத்தை ஓய்வெடுக்கச் சொல்கிறோம். வாரம் முழுவதும் நாங்கள் சேர்த்த ஓய்வெல்லாம் இந்த ஒரு நாளில் போய்க்கொண்டிருந்தது.

"இவங்க இன்னிக்குக் கட்டிலை விட்டு இறங்கி ஏறினதுக்குக் கொல்லிமலையையே ஏறி இறங்கியிருக்கலாம்" என்றார் மரகதம். பிறகு மெதுவாக, "மரியாதை தெரிஞ்சவங்க, டாக்டர். மரியாதையாலதான் சாகறாங்க" என்றார்.

வந்த பெரியவர்கள் யாரும் அவர்களை எழுந்திருக்கச் சொல்லவில்லை. "படுத்துக்க கண்ணு" என்று சொன்னவர்களும் உண்டு. அப்படிச் சொல்வதும் மரியாதை, சொன்ன பிறகும் நிற்பதும் மரியாதை. நிற்காதே என்று மரகதம் ஒருத்தியை அதட்டியபோது அவள், "பெரியவங்க முன்னால கட்டல்ல கெடந்தான்னு ஊருக்குள்ள பேச்சு வந்தா, நாளைக்கு எம் பொண்ணை ஆருங்க கட்டுவாங்க?" என்று கேட்டாள். அவளுக்கு அப்போது நாடி தாறுமாறாக ஓடிக்கொண்டிருந்தது.

பார்வையாளர்களே வரக்கூடாது என்று மரகதம் உத்தரவு போட்டார். வேறென்ன செய்வது என்று நானும் ஆமோதித்தேன். மலைக்காரர்கள் வாசலில் நின்று, "இதென்ன ஆஸ்பத்திரியா, செயிலுங்களா?" என்று கேட்டார்கள். அன்றே இரண்டு பெண்களை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஒருத்தி பாதி மலை ஏறுவதற்குள் இறந்துவிட்டாள் என்று அடுத்த சந்தையில் கேள்விப்பட்டோம். அந்தச் செய்தி வந்த அன்று மரகதம் சாப்பிடவில்லை. உத்தரவை எடுத்துவிட்டார்.

பிறகு ஒரு பிரசவத்துக்காக அவர் மேலே மலையூர்களில் ஒன்றான பைல் நாட்டுக்குப் போனார். திரும்பி வந்த கையோடு, கால் சேறுகூடக் கழுவாமல் என் அறைக்குள் நுழைந்தார். மலையில் பிள்ளை பெற்றவளும் வீட்டு விலக்கானவளும் தங்குவதற்கு ஊருக்கு வெளியே ஒதுக்குக் குடிசை இருக்கும். அதற்கு முன்னால் குறுக்கே ஒரு மூங்கிலைக் கிடத்தியிருப்பார்கள். ஆண்கள் யாரும் அதைத் தாண்டமாட்டார்கள். மூங்கிலுக்கு இந்தப் பக்கம் நின்று மாமனார் பேசினாராம். குடிசைக்குள் மருமகள் படுத்த படுக்கையாகவே பதில் சொன்னாளாம். எழுந்திருக்கவில்லை. யாரும் அதைத் தப்பாக நினைக்கவும் இல்லை. தீட்டு இருக்கும்வரை அவளுக்கு எழுந்து நிற்கிற கடமை கிடையாது.

"படுத்தே இருந்தா, டாக்டர்! மாமனார் முன்னால படுத்தே இருந்தா!" என்றார். அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. நம் ஹாலுக்கு முன்னாலும் ஒரு மூங்கிலைப் போட்டுவிடலாம், நீர் வடிகிறவரை எல்லாப் பெண்களுக்கும் தீட்டு என்று சொல்லிவிடலாம் என்றார்.

நான் கொதித்துப்போய்விட்டேன். தீட்டு, விலக்கு என்கிற இந்த இருட்டையெல்லாம் ஒழிக்கத்தானே படித்தோம், ஆஸ்பத்திரிக்குள்ளேயே அதற்குப் பந்தல் போடுவதா என்று மேஜையைத் தட்டிக் கேட்டேன். உங்களுக்கெல்லாம் என் குரல் தெரியும். அன்று சமையற்கட்டுவரை கேட்டிருக்கும். அவர் நான் கத்தி முடிக்கும்வரை காத்திருந்தார்.

"தீட்டை ஒழிக்கணும்னு உங்களைவிட எனக்கு ஆசை அதிகம். நான் பொம்பளை. ஆனா அதை ஒழிக்க அவ உயிரோட இருக்கணும்" என்றார்.

மூங்கில் வந்தது. ஆனால் மலைக்காரர்களுக்குப் புரியவில்லை. இதென்ன புதுத் தீட்டு என்று முணுமுணுத்தார்கள். பெரியண்ணக் கவுண்டர்தான் அவர்களில் பெரியவர். மருமகள் போன பிறகும் சந்தைதோறும் எங்களை வந்து பார்த்துவிட்டுப் போவார். அவரே கேட்டார், "ஏனுங்க டாக்டரம்மா, இது எங்கூரு மொறைங்களே. ஆஸ்பத்திரிக்கு எதுக்குங்க?"

ஏதாவது சமாதானம் சொல்லி அனுப்புவார் என்று நினைத்தேன். அவர் நேராகச் சொன்னார். "கவுண்டரே, உங்க மருமக உங்க முன்னால நின்னதாலதான் செத்தா. படுத்திருந்தா பிழைச்சிருப்பா."

கிழவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு மரகதத்தின்மேல் அவ்வளவு கோபம் வந்தது. இதை அந்த மனிதரிடம் சொல்லத்தான் வேண்டுமா? அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு, "நின்னுட்டிருக்குதேன்னு நானும் பேசிட்டே இருந்துட்டனுங்களே. அப்பவே என்னையத் தொரத்தியிருக்கக் கூடாதுங்களா, சாமி?" என்றார்.

"எனக்கு அப்ப தெரியாது, கவுண்டரே. தெரிஞ்சிருந்தா தொரத்தியிருப்பேன்" என்றார் மரகதம். அன்று இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரே இடத்தில் இருந்தார்கள்.

அதற்கப்புறம் சந்தையன்று மிளகை மகனிடம் கொடுத்தனுப்பிவிட்டுப் பெரியண்ணக் கவுண்டர் நேரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவார். மூங்கிலுக்குப் பக்கத்தில் கோலோடு நின்றுகொள்வார். யாராவது காலைத் தூக்கினால், "அக்கட்ட நில்லுப்பா, தீட்டு" என்பார். அவர் சொன்ன பிறகு மலையில் எவன் தாண்டுவான்? நானும் தாண்டவில்லை. நான் தாண்டினால் இது டாக்டர்கள் கட்டிவிட்ட தீட்டு என்று தெரிந்துபோகும். வீட்டுக்குப் போகிற பெண்களுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றித் தீட்டுக் கழித்து அனுப்புகிற வேலையும் மரகதத்தின் தலையில் விழுந்தது. நமது சமையல்காரர்தான் மஞ்சள் அரைத்துக் கொடுத்து அலுத்துப்போனார்.

எல்லோரும் பிழைத்தார்கள் என்று கதைவிட மாட்டேன். சுருங்கிய வால்வுக்கு எங்களிடம் மருந்து கிடையாது. ஆனால் சந்தை நாள் சாவு நின்றுபோயிற்று. ஒருநாள் அந்தப் பக்கமாகப் போனபோது, மூங்கிலுக்கு இந்தப் பக்கம் ஒரு கிழவர் பலாப்பழத்தை வைத்துக்கொண்டு திகைத்து நின்றார். உள்ளேயிருந்து, "உருட்டி உடுங்க மாமா, நான் படுத்துட்டே புடிச்சுக்கறேன்" என்று ஒரு பெண்குரல் கேட்டது. ஹாலே சிரித்தது. மரகதம் கதவோரம் நின்று, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

யுத்த காலத்தில் எனக்கு இந்த ஊருக்கு மாற்றலாகிவிட்டது. அவர் அங்கேயே இருந்தார். எப்படி இறந்தார் என்று நல்லுசாமியிடம் கேட்டேன். பைல் நாட்டுக்கு ஒரு பிரசவத்துக்காகப் போயிருக்கிறார். மலைக்காய்ச்சலோடு திரும்பியிருக்கிறார். இருந்த கொயினா மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துவிட்டு, தனக்கு வந்தது வெறும் குளிர் என்று சொல்லிக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது. அதற்குப் பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. படித்த மனுஷி, இத்தனை பேரைப் படுக்கச் சொன்ன மனுஷி! எனக்குத் துக்கத்தைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது. இன்னும் அது அடங்கவில்லை.

காய்ச்சலில் கிடந்த அவரைப் பெண்கள் ஹாலிலேயே போட்டிருந்தார்களாம். விஷயம் தெரிந்து மலையிலிருந்து ஆட்கள் இறங்கியிருக்கிறார்கள். மூங்கிலுக்கு வெளியே தாழ்வாரம், முற்றம், மரத்தடி எல்லாம் ஆண்கள்.

"ஆருமே உக்காரலீங்க" என்றான் நல்லுசாமி. "எங்க அய்யனுக்கு நிக்க முடியறதில்லீங்க இப்ப. உக்காருங்கன்னு எல்லாருஞ் சொன்னோமுங்க. 'அந்தம்மா எந்திரிச்சு உக்காரட்டும், நானும் உக்காந்துக்கறேன்'னாருங்க. கோலைப் புடிச்சுட்டுப் பொழுதுக்கும் நின்னாருங்க."

அவன் சாப்பிட மறுத்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டான். நான் அறையில் உட்கார முடியாமல், நேரம் தவறி மத்தியானத்திலேயே ஹால்களைச் சுற்றப் போனேன். இந்த ஊரில் பெண்கள் ஹாலையும் நான்தான் பார்க்கிறேன். நெசவுக்காரக் குடும்பத்துப் பெண் ஒருத்தி, அதே நோய், சேர்ந்து ஒரு வாரமாகிறது. சாய்ந்து படுத்திருக்க வேண்டியவள் தரையில் நின்றிருந்தாள். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துக்கொண்டு, மூச்சு இரைக்க நின்றிருந்தாள். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. சுற்றிப் பார்த்தேன். பார்வையாளர் யாரையும் காணோம்.

"ஆரு வந்தாங்க கண்ணு? எதுக்கு எறங்கி நிக்கறே?" என்று கேட்டேன்.

அவள் தலையை நிமிர்த்தாமலே, "ஆருமில்லீங்க. நீங்கதானுங்க வந்தீங்க" என்றாள்.

பக்கத்துக் கட்டிலைப் பார்த்தேன். அவளும் இறங்கியிருந்தாள். அதற்கடுத்தவள் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டிருந்தாள். தினமும் இப்படித்தான் நின்றிருப்பார்கள், நான்தான் கண்ணால் பார்த்தும் கவனிக்கவில்லை. உடனே வெளியே வந்து கதவுக்குத் துணித் திரையை இழுத்துவிடச் சொன்னேன். எல்லோரையும் கட்டிலில் ஏற்றிச் சாய்த்துப் படுக்க வைக்கும்படி நர்சிடம் சொல்லிவிட்டு, திரைக்கு இந்தப் பக்கமே நின்றேன். கதவோரக் கட்டிலுக்கு அந்த நெசவுக்காரப் பெண்ணை மாற்றச் சொன்னேன்.

மரகதம் அம்மாளிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த வாசல்தான். இனி நான் இந்த ஹாலுக்கு வெளியே நிற்கிற டாக்டர். திரை ஓரமாக ஒரு கை வெளியே வந்தது. மணிக்கட்டில் விரலை வைத்தேன். நாடி துடித்துக்கொண்டு ஓடியது. விடாமல் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக அது நிதானத்துக்கு வந்தது.